டேங்க் நிறைஞ்சுதான் இருக்கு

கம்ப்யூட்டர் கம்பெனியிலயா வேலை? அப்ப சரியான ஆளுதான் பக்கத்துல உக்காந்திருக்கீங்க. பையை மடியில வெச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும் தம்பி, மேல தூக்கி வெச்சிருங்க. பெரியகுளம் வரைக்கும் போகணும்ல. உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். ஒரு மெஷின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு பிள்ளை போய் அதுல கைய வெக்கிது. வெச்ச உடனே மெஷின் மாத்திச் சொல்லுது. அப்ப அதைக் கெடுத்தது யாரு? இவ்வளவுதான் என் கேள்வி. இதுக்கு ஒருத்தரும் எனக்கு நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. சரி, இப்படி மொட்டையாக் கேட்டா நீங்களும் முழிப்பீங்க. முழுசாச் சொல்லிடறேன்.

எம் பேரு அழகுசுந்தரம். ஹெட்மாஸ்டர். போன வாரம் வரைக்கும் கருவேலேந்தல் அரசு உயர்நிலைப் பள்ளி. இப்ப மலையடிவாரத்துல ஏதோ ஒரு பள்ளிக்கூடம், நாளைக்குப் போய்ச் சேரணும். மாத்தல் ஆர்டர்ல 'நிர்வாக நலன் கருதி'ன்னு போட்டிருக்காங்க. யாரோட நலன்னு போடல. போகட்டும்.

எங்க பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கத்துலேர்ந்து ஒரு அட்டைப்பெட்டி வந்துச்சு. அதுலதான் ஆரம்பம். திறந்தா உள்ள பிஸ்கட் சைசுல நீலத் தகடு, வயரு, பொடிப்பொடியா பல்பு, பேரு தெரியாத சாமான் என்னென்னமோ. பிள்ளைகளுக்கு மெஷின் செய்யக் கத்துக் குடுக்கணுமாம். நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுகூட உடையாம, ஒண்ணுகூடத் தொலையாம பீரோவுல வெச்சுப் பூட்டி, பூச்சி வராம இருக்க ரசக்கற்பூர உருண்டை போட்டு வெச்சேன். ஆடிட்டுக்கு வந்தவங்க பாத்துட்டு, 'புத்தம் புதுசா வெச்சிருக்கீங்களே சார்'னு ஆச்சரியப்பட்டுப் போனாங்க. பாடம் நடக்கலையான்னு கேப்பீங்க. நடந்துச்சே! போர்டுல படம் வரைஞ்சு போட்டு பாகங்களைக் குறிக்கச் சொன்னேன். எங்க பிள்ளைக கண்ணை மூடிக்கிட்டுக் குறிக்கும். படத்துல எதுவும் உடையாதுல்ல.

அப்பத்தான் பிளசி டீச்சர் வந்தாங்க. நாகர்கோவில் பக்கம். தற்காலிக வேலைதான், சயின்ஸ் எடுக்க வந்தவங்க. வந்த வாரமே பீரோ சாவி கேட்டாங்க. 'பிள்ளைக உடைச்சிருச்சுன்னா?'ன்னு கேட்டேன். 'உடைக்கட்டும் சார், அதுக்குத்தான அனுப்பியிருக்காங்க'ன்னாங்க. தம்பி, இத்தனை வருச சர்வீஸ்ல ஒரு டீச்சர் வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்ல. அன்னிக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கல. ஆனா மாவட்டத்துலேர்ந்தும் போன் வந்துச்சு, பெட்டியைப் பிரிச்சுப் பிள்ளைக கையில குடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி. வேற வழியில்லாமக் குடுத்தேன்.

குறை சொல்லக் கூடாது, அந்தம்மா நல்லாத்தான் எடுத்தாங்க. நானும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன், எதாச்சும் உடையுதான்னு. 'இந்தத் தகட்டுக்கு மூளை இருக்கு. ஆனா கண்ணு இல்ல, காது இல்ல. அதை நாமதான் குடுக்கணும்'னாங்க. ஒரு சின்னப் பல்பு விட்டு விட்டு எரிஞ்சுச்சு. அதுக்கு அப்படி ஒரு கைதட்டு! தேர் நிலைக்கு வந்த மாதிரி. எங்க வீட்டுல டியூப்லைட்டு மாசக் கணக்கா விட்டு விட்டுத்தான் எரியுது, ஒருத்தரும் கைதட்டல. அப்புறம் வெளிச்சம் பாக்கற சாமான் ஒண்ணு, கைய வெச்சு மறைச்சா விளக்கு எரியும். ஈரம் பாக்கற குச்சி ஒண்ணு, அதைத் துளசிச் செடித் தொட்டியில குத்தினா 'தாகம்'னு காட்டுச்சு. நான் அன்னிக்குக் காலையிலதான் தண்ணி ஊத்தினேன். அப்பவே எனக்கு அந்தச் சாமான்க மேல ஒரு சந்தேகம்.

அதுல ஒண்ணு, தூரம் பாக்கறது. முன்னாடி ரெண்டு வட்டக் கண்ணு இருக்கும், பாக்க ஆந்தைக் குஞ்சு மாதிரியே. ஆனா அது கண்ணு இல்லையாம், ஒண்ணு வாயாம், ஒண்ணு காதாம். வாய் ஒரு சத்தம் விடும், நமக்குக் கேக்காது. அது எதிர்ல எதுலயாச்சும் பட்டுத் திரும்பி வரும். போய்ட்டு வர்ற நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் பண்ணிச் சொல்லிடும். வௌவால் அப்படித்தானாம். நான் தமிழ் வாத்தியார், எனக்கு வௌவால் கணக்கெல்லாம் தெரியாது. இதைத்தான் நீங்க நல்லா மனசுல வெச்சுக்கணும். வழக்கு பூரா இந்தச் சாமான் மேலதான்.

ஒருநாள் டீச்சர் பிள்ளைககிட்ட, 'நம்ம பள்ளிக்கூடத்துல எதைக் காவல் காக்க ஒரு மெஷின் வேணும்? யோசிச்சிட்டு வாங்க'ன்னாங்க. பயலுக சொன்ன பதில் என்ன தெரியுமா? ஹெச்.எம். வராண்டாவுல நடந்து வந்தா கிளாஸ்ல மணி அடிக்கணுமாம். சிரிச்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

பத்தாம் கிளாஸ் பிள்ளை ஒண்ணு, முத்துஹரிணின்னு பேரு. ஒல்லியா, எண்ணெய் வெச்சு இழுத்து ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, கேள்வி கேட்டா உங்க கண்ணைப் பாத்துத்தான் பதில் சொல்லும். அது எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. அது எழுந்திரிச்சு, 'பொண்ணுக கக்கூஸ் மேல இருக்கற டேங்கைக் காவல் காக்கணும் டீச்சர்'னுச்சு. அந்த டேங்க் தனி. தங்கையான்னு எங்க உதவியாளர் காலையில ஒருதரம், மத்தியானம் ஒருதரம் மோட்டார் போடுவாரு. சில நாளு மறந்துருவாரு. மறந்தா மறந்ததுதான். அதுக்காக ஒரு மெஷினா? ஆனா டீச்சர் பிடிச்சுக்கிட்டாங்க.

டேங்க் மூடிக்கு அடியில அந்த ஆந்தைக் குஞ்சைக் கீழ பாக்க வெச்சு ஒட்டிடணும். தண்ணி மேல இருந்தா தூரம் கம்மி. தண்ணி இறங்கினா தூரம் ஜாஸ்தி. அங்கேர்ந்து வயரு நேரா என் ரூமுக்கு. தண்ணி இருந்தா பச்சை விளக்கு, தீந்து போச்சுன்னா சிவப்பு விளக்கு, கூடவே கீய்ன்னு ஒரு சத்தம். தகட்டை ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு மூடி என் சுவத்துலயே மாட்டிட்டாங்க. அந்தப் பிள்ளைதான் எல்லாம் செஞ்சுச்சு. சாயங்காலம் பஸ்ஸை விட்டுட்டு நடந்தேகூட வீட்டுக்குப் போகும்.

செஞ்சு முடிச்சதும் மாவட்டத்துலேர்ந்து அதிகாரியம்மாவைக் கூப்பிட்டேன், திறந்து வைக்க. நம்ம பள்ளிக்கூடம் பேப்பர்ல வரட்டுமேன்னு ஒரு ஆசை. அது தப்பா? விழாவுல பேசறதுக்கு அந்தப் பிள்ளை ஒண்ணு எழுதிட்டு வந்துச்சு. முதல் வரியைப் படிச்சதுமே எந்திரிச்சுக் கதவைச் சாத்திட்டேன். 'மாசத்துல அந்த நாளு வந்தா எங்க கிளாஸ்ல பாதிப் பேரு பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்ல. கழுவத் தண்ணி இருக்காது. போன வருசம் நானும் பரிட்சைக்கு வரல. மாசா மாசம் வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு மில்லுக்கே போன்னு எங்கப்பா சொல்றாரு. அதுக்குத்தான் இந்த மெஷினு.' மேடையில பேசற பேச்சா இது? அதிகாரி முன்னாடி? ஊர்த் தலைவர் உக்காந்திருக்காரு, ஆம்பளை வாத்தியாருக இருக்காங்க. நான் கோவப்படாம எல்லாத்தையும் அடிச்சிட்டு, 'நீர் சேமிப்பே நாட்டின் உயிர்மூச்சு'ன்னு நானே ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன். நல்ல தமிழ். அதைத்தான் படிச்சுச்சு. ஏதோ ரேசன் கடையில பேரு கூப்பிடற மாதிரி படிச்சுச்சு, ஒரு ஏத்த இறக்கம் இல்ல.

விழா பிரமாதம். டேங்க் மூடியைக் கழட்டிக் கீழ கொண்டாந்து, வராண்டாக் கூரைக்கு அடியில மேசை போட்டுப் பட்டுத்துணி விரிச்சு, சாமான் மேல பாக்கற மாதிரி வெச்சாச்சு. அந்தப் பிள்ளை கைய மேல கொண்டு போனா பச்சை, எடுத்தா கூரை வரைக்கும் தூரம்னு சிவப்பு. அதிகாரியம்மாவுக்கு ஒரே சந்தோசம். அடுத்து பூஜை. நாம எதைப் புதுசாத் தொடங்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமத் தொடங்கறதா? சைக்கிள் வாங்கினா வைக்கிறோம், கிரைண்டர் வாங்கினா வைக்கிறோம். நான் தட்டைப் பிடிச்சேன். அம்மா எங்க வைக்கறதுன்னு கேட்டாங்க. 'அழகா ரெண்டு கண்ணு இருக்கே மேடம், அதுலயே வைங்க'ன்னேன். நான் குழைச்ச சந்தனம், கெட்டியா, மணமா. ஒரு கண்ணுக்கு ஒண்ணு, இன்னொரு கண்ணுக்கு ஒண்ணு, நல்லா அப்பி, நடுவுல குங்குமம். முகம் மாதிரியே லட்சணமா இருந்துச்சு.

பிளசி டீச்சர் மட்டும், 'சார், அதுல வேண்டாம் சார்'னு என் காதுகிட்ட வந்து சொன்னாங்க. அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவங்க வழக்கம் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், எல்லா சாமியும் ஒண்ணுதான்'னு பெருந்தன்மையா சொல்லி விட்டுட்டேன். அந்தம்மா மேல எதோ சொல்ல வந்தாங்க, அதுக்குள்ள மேளம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. தங்கையா மூடியை மேல கொண்டு போய் மாட்டினாரு. என் ரூம்ல பச்சை விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்.

மறுநாளே பிளசி டீச்சரை ட்ரெய்னிங்னு சென்னைக்குக் கூப்பிட்டுட்டாங்க. எதுக்கு ட்ரெய்னிங்? பிள்ளைகளுக்கு மெஷின் செய்யக் கத்துக் குடுக்கறது எப்படின்னு! நம்ம டிபார்ட்மென்ட் அப்படித்தான்.

அதுக்கப்புறம் அந்த மெஷின் ஓடின ஓட்டம் இருக்கே, நான் மனசாரச் சொல்றேன், ஒருநாள் ஒருபொழுது மக்கர் பண்ணல. காலையில ரூமைத் திறந்தா பச்சை. மத்தியானம் பச்சை. சாயங்காலம் பூட்டும்போது பச்சை. தங்கையாகிட்ட, 'சிவப்பு எரிஞ்சா மட்டும் மோட்டார் போடு'ன்னு சொல்லி, மோட்டார் ரூம் சாவியையும் நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். கரண்ட் பில் பாதியாக் குறைஞ்சுச்சு. தண்ணி அப்படியே இருக்கு. நீர் சேமிப்புன்னா இதுல்ல சேமிப்பு! பக்கத்து ஊர் ஹெச்.எம்.களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

இங்கதான் அந்தப் பிள்ளை வந்து நிக்கிது. 'சார், கக்கூஸ்ல தண்ணி வரல சார்.' நான் விளக்கைக் காட்டினேன். 'பச்சை எரியுதா இல்லையா?' 'எரியுது சார். ஆனா தண்ணி வரல சார்.' 'நீ செஞ்ச மெஷினை நீயே நம்பலைன்னா வேற எவ நம்புவா?' இருந்தாலும் நான் சும்மா இருக்கல. குழாய் அடைச்சிருக்கும்னு அத்தனை குழாயையும் மாத்தினேன். புதுக்குழாய், ஸ்டீல்ல. மறுநாளும் வந்து, 'புதுக்குழாய்லயும் வரல சார்'ங்குது.

பிறகு ஒருநாள், 'சார், அந்தச் சந்தனம் காஞ்சு போய் சத்தத்தை அடைச்சிருக்கும் சார். மேல ஏறி அந்தப் பொட்டை மட்டும் அழிச்சிட்டு வந்துடறேன்'னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். பொட்டை அழிக்கிறதா? அதிகாரி கையால, அதுவும் ஒரு சுமங்கலி கையால வெச்ச பொட்டை அழிக்கிறதா? ஒரு பொம்பளப்பிள்ளை வாயில வர்ற வார்த்தையா அது? பொட்டை அழிக்கிறதுன்னா என்ன அர்த்தம்னு உங்கம்மாகிட்டப் போய்க் கேளுன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டேன். நீங்களே சொல்லுங்க, எங்க வீட்டு பீரோவுக்கு வருசா வருசம் சந்தனம் வைக்கிறேன். அது திறக்காமயா போச்சு?

அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒரு சத்தமும் இல்ல. பொண்ணுக இடைவேளையில அடிபம்புலேர்ந்து குடத்துல தண்ணி தூக்கிட்டுப் போறதைப் பாத்தேன். செடிக்கு ஊத்துறாங்கன்னு நினைச்சு, பிரேயர்ல எல்லார் முன்னாடியும் பாராட்டினேன். மரம் வளர்ப்போம்னு ரெண்டு நிமிசம் பேசினேன். டீச்சருக ரெண்டு பேரு பதினோரு மணியானா எதிர்வீட்டுக்குப் போய்ட்டு வருவாங்க. ஒரு வாய் காப்பிக்குப் போறாங்கன்னு விட்டுட்டேன். மத்தியானத்துக்கு மேல பெஞ்சுல பொண்ணுக எண்ணிக்கை குறையும். வெயில் காலம்ல.

ஒருநாள் உணவு இடைவேளையில சத்தம் கேட்டு வெளிய வந்து பாத்தா, அந்தப் பிள்ளை சுவரைப் பிடிச்சு டேங்க் மேல ஏறிக்கிட்டு இருக்கு! பாதி ஏறிடுச்சு. கீழ பொண்ணுக வரிசையா நிக்கிதுக. இறக்கினேன். இறக்கி, அவங்கப்பனைக் கூப்பிட்டு விட்டேன். மாரிச்சாமின்னு பேரு, லோடு ஏத்தற ஆளு. நான் கடுமையா எதுவும் சொல்லல தம்பி. அண்ணன் தம்பி மாதிரி தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். 'வயசுக்கு வந்த பிள்ளைப்பா. நாலு பேரு பாக்கற இடத்துல சுவரேறிக் குதிக்குது. தண்ணி இருக்கும்போதே இல்லன்னு பொய் சொல்லுது. கொஞ்சம் பாத்துக்க.' பிள்ளையை ஒரு பார்வை பாத்தாரு. அது மட்டும், 'அப்பா, நான் பொய் சொல்லலப்பா'ன்னு ஒரேதரம் சொல்லுச்சு. கூட்டிட்டுப் போய்ட்டாரு.

அடுத்த நாளு பிள்ளை வரல. அதுக்கடுத்த நாளும் வரல. நீர்க்கடுப்புல காய்ச்சல்னாங்க. காய்ச்சல் சரியானதும் மில்லுக்கு அனுப்பப் போறதாச் சொல்றாங்கன்னு தங்கையா வந்து சொன்னாரு. பப்ளிக் பரிட்சை பக்கத்துல இருக்கு. நல்லாப் படிக்கிற பிள்ளை. எனக்கு வருத்தம்தான். ஆனா பெத்தவங்க முடிவுல நாம தலையிட முடியுமா? நான் பாத்துக்கச் சொன்னேன், அவரு பாத்துக்கிட்டாரு.

இதுக்கிடையில பிளசி டீச்சர் ட்ரெய்னிங் முடிஞ்சு வந்தாங்க. வந்த அன்னிக்கே அதிகாரியம்மாவும் வந்து இறங்கிட்டாங்க. முன்னறிவிப்பு இல்ல. பக்கத்துல எங்கயோ விசிட்டு முடிச்சிட்டு, ஜீப்புல மணிக்கணக்கா வந்தவங்க. உள்ள வந்ததும் வணக்கம்கூட முழுசாச் சொல்லல, 'பாத்ரூம் எங்க?'ன்னு பிளசி டீச்சர்கிட்டக் கேட்டாங்க. எனக்குப் பெருமைதான். தைரியமாப் போகட்டும், பச்சை எரியுதே!

கொஞ்ச நேரத்துல பாத்தா பிளசி டீச்சர் அடிபம்பைப் பாத்து வாளியோட ஓடறாங்க. ஓட்டம்னா ஓட்டம், விளையாட்டு விழாவுலகூட டீச்சருக அப்படி ஓடிப் பாத்ததில்ல. அதிகாரியம்மா திரும்பி வந்தாங்க. முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். 'ஹெச்.எம். சார், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.' நான் பணிவா விளக்கைக் காட்டினேன். 'டேங்க் நிறைஞ்சுதான் மேடம் இருக்கு. பச்சை எரியுது பாருங்க. உங்க கையால திறந்து வெச்சதுதான்.' 'நீங்க போய்ப் பாத்தீங்களா?' 'லேடீஸ் டாய்லெட்டுக்குள்ள நான் எப்படி மேடம் போவேன்?' நியாயமான பதில்தானே? அதுக்கு அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் ஏதோ தப்பாப் பேசிட்ட மாதிரி.

இதைச் செஞ்ச பிள்ளை எங்கன்னு கேட்டாங்க. பிளசி டீச்சர்கிட்டப் பொண்ணுக சொல்லியிருக்கும்போல. அங்க வெச்சே எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. மில்லு, காய்ச்சல், பிள்ளைக தண்ணி குடிக்காமயே பள்ளிக்கூடம் வர்றது, எல்லாத்தையும். டீச்சர் குரலு உடைஞ்சு போச்சு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, வெளியாளு முன்னாடி பள்ளிக்கூட விசயத்தை இப்படிப் பேசலாமா? அதிகாரியம்மா ஜீப்பை அனுப்பி அப்பனையும் மகளையும் வரவழைச்சிட்டாங்க.

பிள்ளை வீட்டுல இருந்தபடி பாவாடை சட்டையோட வந்து நின்னுச்சு, மேல ஒரு துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு. இளைச்சுப் போயிருந்துச்சு. 'ஏறிப் பாக்கறியாம்மா?'ன்னாங்க. அது அப்பனைப் பாத்துச்சு. மாரிச்சாமி போயி ஏணியைத் தூக்கிட்டு வந்து சாத்தினாரு. சாத்திட்டு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. என்ன தம்பி இது? ஏறுதுன்னுதானே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினது? இப்ப அவரே ஏணி பிடிக்கிறாரு! அதிகாரி சொன்னா மானம் போகாதோ?

பிள்ளை ஏறி மூடியைத் திறந்துச்சு. உள்ள எட்டிப் பாத்துச்சு. மூடியைத் திருப்பி, துப்பட்டா முனையில எச்சியைத் தொட்டு ரெண்டு கண்ணையும் சுரண்டித் தேய்ச்சுச்சு. மூடியைப் போட்டுச்சு. போட்டதுதான் தாமதம், என் ரூம்ல சிவப்பு! கீய்ன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. வராண்டாவுல நின்ன பொண்ணுக அத்தனையும் 'ஓ'ன்னு கத்துச்சு. அழுதுச்சுக சில பிள்ளைக. சிவப்பு எரிஞ்சதுக்கு ஏன் சந்தோசப்படணும்னு எனக்கு இன்னும் விளங்கல.

இதைத்தான் நான் உங்ககிட்ட முதல்லயே கேட்டேன். அவ கை படற வரைக்கும் பச்சை. அவ கை பட்டதும் சிவப்பு. அப்ப யாரு கெடுத்தது? அதை அங்கேயே சொன்னேன், 'மேடம், நல்லா ஓடிக்கிட்டு இருந்ததைத் தொட்டுக் கெடுத்துருச்சு பாருங்க'ன்னு. அதிகாரியம்மா அவங்க மோதிர விரலைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. பொட்டு வெச்சது அவங்கதான், தட்டு பிடிச்சது நான். ஆனா மாத்தல் வந்தது யாருக்கு? எனக்கு. அதையும் நீங்க கவனிக்கணும்.

மாரிச்சாமி எங்கிட்ட வந்தாரு. அடிக்க வர்றாரோன்னு நினைச்சேன். இல்ல. கையைக் கட்டிக்கிட்டு, 'பிள்ளை சொன்னது நெசந்தானா சார்?'னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. 'நான் அதைக் கை நீட்டிட்டேன் சார்.' அவ்வளவுதான். நான் என்ன சொல்றது? மெஷினு விசயம்ப்பா, எனக்கு என்ன தெரியும்னேன். அவரு போயி பிள்ளை பக்கத்துல நின்னுக்கிட்டாரு. தோளைத் தொடப் போனாரு, தொடல.

அதிகாரியம்மா பிள்ளைகிட்ட, 'திங்கக்கிழமையிலேர்ந்து பள்ளிக்கூடம் வந்துரு, மில்லெல்லாம் வேண்டாம், நான் அப்பாகிட்டப் பேசறேன்'னாங்க. நல்ல வார்த்தைதானே? சரிங்க மேடம்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அது அவங்க கண்ணையும் பாத்து, 'தண்ணி வந்தா வர்றேன் மேடம்'னுச்சு. பத்தாங்கிளாஸ் பிள்ளை மாவட்ட அதிகாரிக்குக் கண்டிசன் போடுது! எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அந்தம்மா கோவப்படுவாங்கன்னு பாத்தா, என் பக்கம் திரும்பி கைய நீட்டறாங்க. எதுக்குன்னு புரியல. மோட்டார் ரூம் சாவியாம்.

வருதான்னு கேப்பீங்க. வருது. தண்ணியும் வருது, பிள்ளையும் வருது. பரிட்சைக்கு உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கு.

நான் சார்ஜ் ஒப்படைக்கிற அன்னிக்கு பிளசி டீச்சர் ரூமுக்கு வந்தாங்க. சண்டைக்கு வரல, மரியாதையாத்தான் பேசினாங்க. 'சார், எங்க பக்கமும் ஒரு தப்பு இருந்துச்சு சார். அந்தச் சாமான் சத்தம் விட்டு, பதில் ஒண்ணும் திரும்பி வரலைன்னா, தூரம் பூஜ்யம்னு எடுத்துக்கும். பூஜ்யம்னா தண்ணி வாய் வரைக்கும் இருக்குன்னு அர்த்தம். அதான் பச்சையாவே எரிஞ்சிருக்கு. பிள்ளைக்கு நான் அதைச் சொல்லிக் குடுத்திருக்கணும், விட்டுட்டேன்'னாங்க. 'இப்ப முத்துஹரிணியே அந்தப் புரோகிராமை மாத்தி எழுதிட்டா சார். இனிமே பதில் வரலைன்னா சிவப்பு எரியும். ஏதோ சரியில்ல, போய்ப் பாருன்னு அர்த்தம்.'

எனக்கு அதுலேர்ந்து தூக்கமே சரியில்ல தம்பி. நீங்க படிச்சவரு, சொல்லுங்க. பதில் வரலைன்னா சரியில்லைன்னு எடுத்துக்கறது எந்த ஊரு நியாயம்? அப்படிப் பாத்தா, என் சர்வீஸ்ல எத்தனை பிள்ளைக எம் முன்னாடி வந்து, நான் என்ன ஏதுன்னு கேட்டும் ஒரு வார்த்தை பேசாமத் தலையைக் குனிஞ்சு நின்னிருக்கும்! நல்ல அடக்கமான பிள்ளைன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அத்தனையும் சிவப்பா? அத்தனை பிள்ளைகளையும் நான் போய்ப் பாத்திருக்கணுமா?

என்ன தம்பி, இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டே வர்றீங்க, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?